முக்குளிப்பு அட்டவணையும் டைவ் கம்ப்யூட்டரும்: எதை எப்போது எடுப்பது

ஸ்கூபா முக்குளிப்பின் தொடக்கநிலையான ஓப்பன் வாட்டர் பயிற்சியை முடித்து, இப்போதுதான் சொந்தமாகவோ வாடகைக்கோ ஒரு டைவ் கம்ப்யூட்டரைக் கையில் கட்டத் தொடங்கியிருப்பவர்களுக்கான வழிகாட்டி இது. எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பதை அச்சிட்டுத் தருவது அட்டவணை. அதையே நீருக்குள் கணக்கிட்டுக் காட்டும் கைக்கருவி டைவ் கம்ப்யூட்டர், இனி சுருக்கமாகக் கணினி. பயிற்சியே பெறாதவர் இதைப் படித்துவிட்டுக் கடலில் இறங்கக் கூடாது.

புதுச்சேரியில் புதியவர்களோடு படகேறி இறங்கிய அனுபவத்தில், அட்டவணை தெரியாமல் தவறு செய்பவர்களைவிட, அட்டவணையையும் கணினியையும் தவறான வரிசையில் எடுத்துத் தவறு செய்பவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். கணக்கு படகிலேயே முடிந்திருக்க வேண்டும். நீருக்குள் அதைச் சரிபார்க்கும் வேலை மட்டுமே மிஞ்ச வேண்டும். ஆனால் பலர் தம் கணினித் திரையை முதன்முதலாக உற்றுப் பார்ப்பதே 15 மீட்டர் ஆழத்தில்தான். அப்போது திரையில் தெரியும் எண் சரியா தவறா என்று சொல்ல அவர்களிடம் வேறு எண் எதுவும் இருப்பதில்லை.

1. படகில் ஏறும் முன் கையில் இருக்க வேண்டியவை

நீர்படாத பிளாஸ்டிக் அட்டவணை ஒன்று, எழுதும் சிலேட்டும் பென்சிலும், ஆழமானி, நீருக்குள் ஓடும் கடிகாரம், உங்களுக்கென்று தனியாக ஒரு கணினி ஆகியவை வேண்டும். கணினி இருக்கும்போது கடிகாரமும் ஆழமானியும் எதற்கு என்று கேட்பார்கள். கணினி நின்றுபோகும் நொடியில் உங்களுக்குத் தேவைப்படுபவை ஆழமும் நேரமும்தான். அவை இரண்டும் அந்தக் கணினிக்குள்ளேயே அடைந்து கிடந்தால் பயனில்லை.

இருவருக்கு ஒரு கணினி என்பது கிடையாது. துணையாள் உங்களைவிட 2 மீட்டர் கீழே நீந்தியிருப்பார், அல்லது காலையில் நீங்கள் படகில் இருந்தபோது ஒரு முறை இறங்கியிருப்பார். உங்கள் கையில் உள்ள கருவிக்கு இது எதுவும் தெரியாது.

இந்த வழிகாட்டியில் வரும் அட்டவணை எண்கள் அனைத்தும் பி.ஏ.டி.ஐ. என்ற முக்குளிப்புப் பயிற்சி நிறுவனத்தின் மெட்ரிக் பொழுதுபோக்கு அட்டவணையிலிருந்து, சாதாரணக் காற்றுக்காக எடுக்கப்பட்டவை. முழுக்குக்குப் பின் உடலில் மிஞ்சிய நைட்ரஜனைக் குறிக்கும் ஆங்கில எழுத்துக் குழுக்கள் இதில் உண்டு, அமெரிக்கக் கடற்படையின் அட்டவணையிலும் உண்டு. ஆனால் அங்குள்ள ‘எல்’ வேறு, இங்குள்ள ‘எல்’ வேறு. ஓர் அட்டவணையில் எடுத்த எழுத்தை இன்னோர் அட்டவணைக்குக் கொண்டுபோகாதீர்கள். எண்களை இந்தக் கட்டுரையிலிருந்து எடுக்காமல், உங்கள் கையிலுள்ள அட்டையைப் பார்த்தே எடுங்கள்.

2. அன்றைய நாளுக்கு எதை நம்புவது என்பதை முதலிலேயே முடிவு செய்தல்

முதல் முழுக்குக்கு முன்பே, இன்று நம் வரம்பைச் சொல்லப்போவது அட்டவணையா கணினியா என்று முடிவு செய்து சிலேட்டின் தலைப்பில் எழுதிவிடுங்கள். அந்த முடிவு கடைசி முழுக்கு வரை மாறக் கூடாது.

காரணம் எளிது. மூழ்கும்போது உடல் திசுக்களில் கரையும் நைட்ரஜனை இரண்டும் வெவ்வேறு வழியில் கணக்கிடுகின்றன. முழுக்கு முழுவதும் நீங்கள் தொட்ட அதிகபட்ச ஆழத்திலேயே இருந்ததாக அட்டவணை எடுத்துக்கொள்கிறது. கணினியோ சில நொடிகளுக்கு ஒரு முறை நீரின் அழுத்தத்தை அளந்து, வேகமாக நிரம்பும் திசு, மெதுவாக நிரம்பும் திசு என்று பல கற்பனைத் திசுக்களில் நைட்ரஜன் ஏறுவதையும் இறங்குவதையும் தனித்தனியே தொடர்ந்து கணக்கிடுகிறது.

ஒருவர் 24 மீட்டரில் 8 நிமிடம் இருந்துவிட்டு 14 மீட்டருக்கு ஏறி 25 நிமிடமும், 8 மீட்டரில் 12 நிமிடமும் சுற்றினார் என்று வைத்துக்கொள்வோம். அட்டவணையின் 25 மீட்டர் வரிசையில் நிறுத்தமில்லா வரம்பு, அதாவது வழியில் கட்டாயமாக நிற்காமல் மேலே வர அனுமதிக்கும் நேரம், 29 நிமிடம்தான். ஆகவே அதன் பார்வையில் இவர் வரம்பை எப்போதோ தாண்டிவிட்டார். கணினியின் பார்வையில் இது சாதாரண முழுக்கு. இவர் அன்று மதியம் கணினியைக் கழற்றிவிட்டு, இரண்டாம் முழுக்கை அட்டவணையில் போடுகிறேன் என்றால், தொடங்குவதற்கு அவரிடம் எழுத்தே இல்லை. காலையில் கணினி என்றால் மாலை வரை அதே கணினி, அதே கையில்.

நான் பரிந்துரைப்பது, கணினியை முதன்மையாகக் கொண்டு, அதன் எண்ணைச் சோதிக்கும் அளவுகோலாக அட்டவணையை வைத்துக்கொள்ளும் முறை. அதற்கு அட்டவணையைக் கையால் போடத் தெரிந்திருக்க வேண்டும் என்பதால், அடுத்த மூன்று பகுதிகளும் அட்டவணைக்கே போகின்றன.

3. ஆழமும் அடிநேரமும்: எங்கிருந்து எதுவரை

அட்டவணைக்குள் நுழைய இரண்டே எண்கள் போதும். தவறுகளில் பெரும்பகுதி அந்த இரண்டிலேயே நிகழ்கிறது.

ஆழம் என்பது அந்த முழுக்கில் ஒரு கணமாவது தொட்ட அதிகபட்ச ஆழம். சராசரி ஆழம் அல்ல. கீழே விழுந்த டார்ச்சை எடுக்க 2 மீட்டர் இறங்கி உடனே ஏறியிருந்தாலும், அந்த 2 மீட்டரும் கணக்கில் சேரும்.

அடிநேரம் என்பது மேற்பரப்பிலிருந்து இறங்கத் தொடங்கிய நொடியிலிருந்து, மேலே நேராக ஏறத் தொடங்கும் நொடி வரை. தரையைத் தொட்ட பிறகு தொடங்குவதல்ல. ஒரு முறை, காது அடைத்துக்கொண்டதால் நங்கூரக் கயிற்றைப் பிடித்தபடி மெல்ல இறங்கிய ஒருவர், மணல் தெரிந்த பிறகுதான் கடிகாரத்தை அழுத்தினார். மேலே வந்து சிலேட்டில் 27 என்று எழுதினார். என் கடிகாரத்தில் 31. நான் சொன்னதும் கட்டைவிரலால் 27-ஐ அழித்தார். ஆனால் அந்த எண்ணை வைத்து அவர் ஏற்கெனவே எழுத்தை எடுத்துவிட்டிருந்தார். அதை மாற்றத் தோன்றவில்லை. அந்த 4 நிமிடம் அட்டவணையில் இரண்டு எழுத்து வித்தியாசம்.

எண்கள் இடையில் விழுந்தால் எப்போதும் கூடுதலான பக்கமே போக வேண்டும். 16.4 மீட்டர் என்றால் 18 மீட்டர் வரிசை. 31 நிமிடம் என்று கட்டம் இல்லாவிட்டால் 32. “ஏறக்குறைய 16 தானே” என்பது அட்டவணைக்குப் புரியாத மொழி. குளிர்ந்த நீரிலோ, நீரோட்டத்தை எதிர்த்து மூச்சு வாங்க நீந்தும் முழுக்கிலோ உண்மையான ஆழத்தைவிட 4 மீட்டர் கூடுதலாக வைத்துத் திட்டமிட வேண்டும் என்பது இந்த அட்டவணையின் விதி. நம் கடலில் குளிரைவிட நீரோட்டத்துக்கே இந்த விதி அதிகம் உதவும்.

4. முதல் முழுக்கை அட்டவணையில் போடுதல்

அதிகபட்ச ஆழம் 17.2 மீட்டர், அடிநேரம் 31 நிமிடம் என்று எடுத்துக்கொள்வோம். 17.2-க்கு 18 மீட்டர் வரிசை. அதில் நிறுத்தமில்லா வரம்பு, படகில் எல்லோரும் சொல்கிறபடி என்.டி.எல்., 56 நிமிடம். அந்த நேரத்துக்குள் ஏறத் தொடங்கினால், வழியில் கட்டாயமாக நின்று நைட்ரஜனை வெளியேற்ற வேண்டிய தேவை இல்லாமல் மேலே வரலாம் என்பதே அதன் பொருள்.

அதே வரிசையில் 31-க்கு அடுத்து வரும் எண் 32. அதற்கு நேரே உள்ள எழுத்து ‘எல்’. உடலில் இப்போது எவ்வளவு நைட்ரஜன் மிகுந்திருக்கிறது என்பதற்கான அடையாளம்தான் இந்த எழுத்து. இதை எழுதாமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். கயிறு சுருட்டி, தண்ணீர் குடித்து, பேசி முடித்து அமரும்போது நேரமும் ஆழமும் மறந்திருக்கும். மேலே வந்த மணியையும் அதே வரியில் குறியுங்கள். இடைவேளையை அங்கிருந்துதான் எண்ண வேண்டும்.

வரம்பு 56 என்பதால் 56 நிமிடம் இருக்கலாம் என்று நினைத்துவிட வேண்டாம். மேற்பரப்பில் சுற்றழுத்தம் 1 பார் என்றால், 18 மீட்டரில் அது 2.8 பார். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் காற்று இழுப்பவர் அங்கே 56 லிட்டர் இழுப்பார். வழக்கமான 11.1 லிட்டர் அலுமினியச் சிலிண்டரில் 200 பார் இருந்து, 50 பாரை மிச்சமாக வைத்தால், பயன்படுத்தக்கூடியது 1,665 லிட்டர். அதாவது 30 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. புதியவர்களின் முதல் முழுக்கை முடித்துவைப்பது பெரும்பாலும் நைட்ரஜன் அல்ல, காற்றுதான். இரண்டாம், மூன்றாம் முழுக்கில்தான் இந்த நிலை மாறும். ஆகவே நைட்ரஜன் வரம்பு எத்தனை நிமிடம், காற்று எத்தனை நிமிடம் என்ற இரண்டையும் சிலேட்டில் எழுதி, அவற்றில் சிறியதை வட்டமிடுங்கள்.

5. இடைவேளையும் இரண்டாம் முழுக்கும்

அதிகம் தடுமாறும் இடம் இது. படிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தால் கடினம் எதுவும் இல்லை.

முதலில், ‘எல்’ எழுத்திலிருந்து இடைவேளைப் பகுதிக்குள் செல்லுங்கள். 70 நிமிடம் படகில் இருந்தீர்கள் என்றால், 1 மணி 10 நிமிடம் அடங்கும் கட்டத்தைத் தேடி அங்கிருந்து நேராகப் போனால் ‘சி’ கிடைக்கும். மூச்சு வழியே நைட்ரஜன் வெளியேறியிருக்கிறது. ஆனால் முழுதும் போகவில்லை.

அடுத்து, அட்டையைத் திருப்புங்கள். இரண்டாம் முழுக்கு 15 மீட்டர் என்றால் 16 மீட்டர் வரிசை. ‘சி’-யும் 16-உம் சந்திக்கும் கட்டத்தில் 17, 55 என்று இரண்டு எண்கள் இருக்கும். 17 என்பது மிச்ச நைட்ரஜன் நேரம்: நீங்கள் நீரில் கால் வைக்கும் முன்பே 17 நிமிடம் அந்த ஆழத்தில் இருந்துவிட்டதாகக் கணக்கு. 55 என்பது இந்த முழுக்குக்கு உண்மையில் உள்ள வரம்பு. 16 மீட்டரின் முழு வரம்பு 72. அதில் 17 போக 55.

பிறகு முழுக்கு முடிந்து 38 நிமிடம் என்று வந்தால், 38-உடன் 17-ஐக் கூட்டி, 55 நிமிடத்துக்கு முதல் பக்கத்தில் எழுத்தைத் தேடுங்கள். 16 மீட்டரில் 55-க்கு அடுத்த எண் 56, எழுத்து ‘எஸ்’.

கூட்ட மறப்பதே இங்கு மிகப் பொதுவான பிழை. 38-ஐ மட்டும் வைத்துத் தேடினால் ‘எம்’ கிடைக்கும். அன்று மூன்றாவது முழுக்கும் இருந்தால், உடலில் இருப்பதைவிட மிகக் குறைந்த நைட்ரஜனோடு இறங்குவதாக நினைத்துக்கொண்டு இறங்குவீர்கள். இரண்டாம் முழுக்கில் எதுவும் கெடாது. பிழை மூன்றாவதில்தான் வெளியே வரும். இந்தப் பிழையைக் கண்டுபிடிப்பது கடினமாக இருப்பதற்கு அதுவே காரணம்.

இன்னொன்று: 15 மீட்டர் என்று திட்டமிட்டு 16.5-ஐத் தொட்டுவிட்டால் 18 மீட்டர் வரிசைக்குப் போக வேண்டும். அங்கே ‘சி’-க்கு மிச்ச நேரம் 15, வரம்பு 41. உங்கள் 38 நிமிடம் அப்போதும் உள்ளேதான் இருக்கிறது, ஆனால் 3 நிமிட இடைவெளியில். இறங்கும் முன்பே திட்டமிட்ட வரிசையையும் அதற்கு அடுத்த ஆழமான வரிசையையும் சேர்த்துச் சிலேட்டில் எழுதிக்கொண்டால், நீருக்குள் அட்டையை விரித்துப் பார்க்கும் நிலை வராது.

ஆழமான முழுக்கை முதலில் செய்யுங்கள். மூன்றோ அதற்கு மேலோ முழுக்குகள் திட்டமிடும் நாளில், எழுத்து ‘டபிள்யூ’ அல்லது ‘எக்ஸ்’ ஆனால் அதன் பிறகான ஒவ்வோர் இடைவேளையும் குறைந்தது 1 மணி நேரம். ‘ஒய்’ அல்லது ‘இசட்’ ஆனால் 3 மணி நேரம்.

6. கணினியை அமைத்தல்

இனி கணினி. இதைப் படகு கிளம்பும் முன் நிழலில் உட்கார்ந்து செய்யுங்கள். அலையில் ஆடும்போது சிறு பொத்தான்களை அழுத்திப் பட்டியலுக்குள் நுழைவது எளிதல்ல.

முதலில் வாயு. வாடகைக் கணினியில் இதுதான் ஆபத்தான அமைப்பு. முந்தைய நாள் யாரோ 32 சதவீத ஆக்சிஜன் கொண்ட நைட்ராக்ஸுக்கு வைத்திருப்பார். சில மாடல்கள் தாமாகவே காற்றுக்குத் திரும்பும், சில திரும்பாது. சிலிண்டரில் சாதாரணக் காற்றும் கணினியில் 32-உம் இருந்தால், 18 மீட்டரில் இருக்கும் உங்களை நைட்ரஜன் கணக்கில் 14.1 மீட்டரில் இருப்பவராகக் கணினி நினைக்கும். அட்டவணை மொழியில் சொன்னால், உங்களுக்கு 56 நிமிடம் உள்ள இடத்தில் அது 72 நிமிட வரிசையைக் கொடுக்கிறது. நேர்மாறான தவறில், அதாவது நைட்ராக்ஸ் சிலிண்டருக்குக் காற்று என்று வைத்தால், நைட்ரஜன் பக்கம் பாதுகாப்பே. ஆனால் ஆக்சிஜன் நச்சு பற்றிய எச்சரிக்கை வராது. 32 சதவீதக் கலவைக்கு, ஆக்சிஜனின் அழுத்தம் 1.4 பாரைத் தாண்டக் கூடாது என்ற வரம்பில் அதிகபட்ச ஆழம் 33 மீட்டர் என்பதை அது சொல்லாது.

அடுத்து அலகு. மீட்டருக்குப் பதில் அடிக்கணக்கில் வைத்த கணினியில் 60 என்று தெரிந்தால் பதறிப்போனவர்களையும், அதைவிட மோசமாக, பதறாமல் இருந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். மீட்டர்தானா என்று உறுதிசெய்யுங்கள்.

அடுத்து மின்கலம். பாதி இருக்கிறது, போதும் என்று விடாதீர்கள். முழுக்குகளுக்கு இடையில் மின்கலத்தை மாற்றினால் பல கணினிகள் காலை முழுக்கையே மறந்துவிடும். உங்களைப் புதிய மனிதராக எண்ணி முழு வரம்பையும் கொடுக்கும்.

கடைசியாக, எச்சரிக்கை அளவு, அதாவது கணினி வரம்பை எவ்வளவு இறுக்கமாகக் கணக்கிட வேண்டும் என்ற அமைப்பு. திசுக்களின் நைட்ரஜனைக் கணக்கிடும் பியூல்மன் சூத்திரத்தில் ஓடும் கணினிகளில் 40/85 போன்ற இரண்டு எண்கள் தெரியும். மேற்பரப்புக்கு வரும்போது சூத்திரம் அனுமதிக்கும் மிகையழுத்தத்தில் எத்தனை சதவீதம் வரை விடலாம் என்பதை இரண்டாவது எண் சொல்கிறது. அது குறையக் குறைய வரம்பு இறுகும். வேறு நிறுவனங்களில் சுழியம், ஒன்று, இரண்டு என்ற படிநிலைகள் இருக்கும். இரவு பயணத்தில் தூங்காதவர், நாளெல்லாம் வெயிலில் போதிய நீர் குடிக்காதவர், உடற்பயிற்சிப் பழக்கமில்லாத நடுவயதினர் ஆகியோர் ஒரு படி இறுக்கிக்கொள்வது நல்லது. கணினி அளப்பது நீரின் அழுத்தத்தை. உங்கள் உடலை அல்ல. அமைப்பை மாற்றுவதானால் நாளின் தொடக்கத்தில் மாற்றுங்கள். வரம்பு போதவில்லை என்று நடுவில் தளர்த்துவது, எடை மிஷினின் முள்ளைப் பின்னால் தள்ளிவிட்டு உடம்பு குறைந்தது என்பதற்குச் சமம்.

7. அட்டவணையால் கணினியைச் சோதித்தல்

இந்த ஒரு படிக்கு 2 நிமிடம் போதும். இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு.

ஏறக்குறைய எல்லாக் கணினியிலும் திட்டமிடும் நிலை ஒன்று உண்டு. அதில் ஆழங்கள் ஒவ்வொன்றாக ஓடும்; ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம் என்று திரை காட்டும். அன்றைய முதல் முழுக்குக்கு முன் 18 மீட்டரில் நிறுத்துங்கள். காற்றுக்கு வைத்த கணினி, அட்டவணையின் 56-ஐ ஒட்டியோ அதைவிடக் குறைவாகவோ காட்ட வேண்டும். 70-ஐத் தாண்டிக் காட்டினால் வாயு அமைப்பைப் போய்ப் பாருங்கள். மிகக் குறைவாகக் காட்டினால், எச்சரிக்கை அளவு ஏற்றப்பட்டிருக்கலாம். அல்லது நேற்று மாலை அந்தக் கணினியோடு வேறு யாரோ மூழ்கியிருக்கலாம். இந்த இரண்டாவது நிலையில் அந்தக் கணினியைத் திருப்பிக் கொடுத்து வேறு வாங்குங்கள். ஒரு வாடகைக் கடையில், காலையில் மற்றொருவர் கட்டியிருந்த கணினியை ஈரம்கூடக் காயாமல் மதியம் என்னுடன் வந்தவரிடம் நீட்டினார்கள். அதில் இருந்தது வேறொருவரின் நைட்ரஜன். அவர் அன்று அட்டவணையும் கடிகாரமுமாக இறங்கினார். சற்றே குறுகிய முழுக்கு, அவ்வளவுதான்.

இரண்டாம் முழுக்குக்கு முன் இதையே மறுபடியும் செய்யுங்கள், ஆனால் இறங்குவதற்குச் சற்று முன்பு. இடைவேளை நீள நீள எண்கள் மாறிக்கொண்டே இருப்பதால், ஒரு மணி நேரம் முன் பார்த்த எண்ணுக்கு மதிப்பில்லை.

8. நீருக்குள்: எதை எப்போது பார்ப்பது

இறங்கத் தொடங்கியதும், 2 மீட்டருக்குள், கணினி முழுக்கு நிலைக்கு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறவில்லை என்றால் அங்கேயே திரும்புங்கள். கீழே போய்ச் சரியாகும் என்பது நடக்காது.

அதன் பிறகு ஆழம், மீதமுள்ள வரம்பு, காற்று என்ற வரிசையில் சில நிமிடங்களுக்கு ஒரு முறை பாருங்கள். ஒவ்வொரு முறையும் துணையாளோடு கையசைவில் பகிருங்கள். இருவரின் வரம்பும் வேறாக இருக்கும். குறைவாகக் காட்டும் கணினியே இருவருக்கும் தலைவர். சராசரி எடுப்பதில்லை.

வரம்பு சுழியத்தைத் தொடும் வரை காத்திருக்காதீர்கள். 5 நிமிடம் மிச்சம் என்று காட்டும்போதே சில மீட்டர் ஏறுங்கள். ஏறியதும் எண் மளமளவென்று கூடும். அதைப் பார்த்து ஏமாந்து பலர் மறுபடியும் இறங்குகிறார்கள். ஏறி இறங்கி, ஏறி இறங்கி வரம்பின் ஓரத்திலேயே ஒட்டிக்கொண்டு 50 நிமிடம் இருப்பதைக் கணினி அனுமதிக்கும். அதன் சூத்திரத்தில் அது குற்றமில்லை. ஆழத்தில் தொடங்கிப் படிப்படியாக மேலே வரும் முழுக்கையே நான் ஏற்பேன்.

9. மேலேறுதல்

இந்த அட்டவணை நிமிடத்துக்கு 18 மீட்டர் வரை ஏற அனுமதிக்கிறது. பெரும்பாலான கணினிகள் 9 அல்லது 10 மீட்டரிலேயே கத்தும். மெதுவானதைப் பின்பற்றுங்கள். 5 மீட்டரில் 3 நிமிடம் நில்லுங்கள். 30 மீட்டரோ அதற்கு மேலோ போன முழுக்கிலும், வரம்புக்கு மூன்று எழுத்துக்குள் நெருங்கிய முழுக்கிலும் அட்டவணை இந்த நிறுத்தத்தைக் கட்டாயமாக்குகிறது, மற்றவற்றிலும் விடாதீர்கள்.

நிறுத்தம் முடிந்ததும் கடைசி 5 மீட்டரைத் தாவி முடிப்பது புதியவர்களின் வழக்கம். 18 மீட்டரிலிருந்து 13-க்கு வரும்போது அழுத்தம் 2.8 பாரிலிருந்து 2.3 ஆகிறது, ஐந்தில் ஒரு பங்குகூடக் குறையவில்லை. 5 மீட்டரிலிருந்து மேற்பரப்புக்கு 1.5-லிருந்து 1 ஆகிறது. மூன்றில் ஒரு பங்கு. குமிழ்கள் பெருக்கும் தூரம் இதுதான். இதற்கு ஒரு நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள்.

10. வரம்பைத் தாண்டிவிட்டால்

கணினியில் வரம்பு முடிந்ததும், திரை நிற்க வேண்டிய ஆழத்தையும் நேரத்தையும் காட்டும். அந்த ஆழத்துக்கு மேலே போகாமல், சொன்ன நேரம் முடியும் வரை நில்லுங்கள். நிற்காமல் ஏறினால் பல கணினிகள் அதற்குப் பிறகு ஒரு நாளோ இரண்டு நாளோ பூட்டிக்கொள்ளும். பூட்டு பழிவாங்கல் அல்ல. அதன் சூத்திரத்தால் இனி உங்கள் உடலைக் கணிக்க முடியாது என்ற ஒப்புதல். வேறொரு கணினியைக் கட்டிக்கொண்டு இறங்குவது இதற்குத் தீர்வாகாது.

அட்டவணையில் மூழ்கியவர் 5 நிமிடத்துக்கு மிகாமல் தாண்டியிருந்தால், 5 மீட்டரில் 8 நிமிடம் நின்று, பிறகு 6 மணி நேரம் மூழ்காமல் இருக்க வேண்டும். 5 நிமிடத்துக்கு மேல் தாண்டியிருந்தால், காற்று இடங்கொடுக்கும் வரை குறைந்தது 15 நிமிடம் நின்று, 24 மணி நேரம் மூழ்கக் கூடாது.

மூட்டு வலி, மரத்துப்போதல், தோலில் திட்டுத் திட்டான சிவப்பு, தலைச்சுற்றல், காரணமில்லாத கடும் சோர்வு ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும், “கணினி பச்சையாகத்தானே காட்டியது” என்று தள்ளிப்போடாதீர்கள். தூய ஆக்சிஜன் கொடுத்து, படுக்கவைத்து, உடனே மருத்துவ உதவிக்குச் செல்லுங்கள். கரைந்த நைட்ரஜன் உடலுக்குள் குமிழாவதால் வரும் இந்த நோய், வரம்புக்குள் இருந்தவர்களுக்கும் வருவதுண்டு.

11. கணினி நடுவில் நின்றுபோனால்

திரை வெளுத்ததும் முழுக்கு முடிந்தது. துணையாளுக்குச் சைகை காட்டி, சிறு குமிழ்களைவிட மெதுவாக ஏறி, கடிகாரத்தைப் பார்த்து 5 மீட்டரில் 3 முதல் 5 நிமிடம் வரை நின்று வெளியே வாருங்கள். துணையாளின் கணினியைப் பார்த்துக்கொண்டே முழுக்கைத் தொடராதீர்கள்.

மேலே வந்ததும், அன்றைய எல்லா முழுக்குகளும் அட்டவணையின் வரம்புக்குள்ளேயே இருந்தன என்று சிலேட்டில் உள்ள ஆழமும் நேரமும் காட்டினால், எழுத்தை எடுத்து அட்டவணையில் தொடரலாம். ஒன்று தாண்டியிருந்தாலும் தொடர முடியாது. 24 மணி நேரம் காத்திருந்து புதிய கணினியோடு தொடங்குங்கள். ஆழமும் நேரமும் எழுதும் பழக்கம் இந்த ஒரு நாளுக்காகத்தான் வேண்டும். வசதியுள்ளவர்கள் முதல் முழுக்கிலிருந்தே இரண்டு கணினி கட்டிக்கொள்வதுண்டு. இரண்டாவது பையில் கிடந்தால் அதற்கு எதுவும் தெரிந்திருக்காது.

12. விமானமும் மலைப்பாதையும்

முழுக்குக்குப் பின் உயரமான இடத்துக்குப் போவதும் ஒரு வகை மேலேறுதலே. வரம்புக்குள் ஒரே ஒரு முழுக்கு என்றால் குறைந்தது 12 மணி நேரம், ஒரு நாளில் பல முழுக்கோ பல நாள் முழுக்கோ என்றால் குறைந்தது 18 மணி நேரம், கட்டாய நிறுத்தம் தேவைப்பட்ட முழுக்கு என்றால் அதைவிடக் கணிசமாகக் கூடுதல் என்பது பரவலாக ஏற்கப்பட்ட வழிகாட்டுதல். சுமார் 600 மீட்டர் முதல் 2,400 மீட்டர் வரையிலான உயரத்துக்கு இணையான அழுத்தத்துக்கு இது பொருந்தும். பயணிகள் விமானத்தின் உள்ளழுத்தம் அந்த எல்லைக்குள் வருகிறது.

விமானத்தை எல்லோரும் நினைவில் வைக்கிறார்கள். சாலையை மறந்துவிடுகிறார்கள். கொடைக்கானல் 2,133 மீட்டர், உதகமண்டலம் 2,240 மீட்டர். திருகோணமலையில் மூழ்கிவிட்டு நுவரெலியாவுக்குப் போனால் 1,868 மீட்டர். பெங்களூரே 900 மீட்டருக்கு மேல்தான். கணினியின் விமானச் சின்னம் சில மாடல்களில் வெறும் 24 மணி நேரக் கவுண்ட்டவுன்; அது இன்னும் எரிகிறது என்றால், மலைக்கும் அதுதான் பதில்.

மணியைக் கடைசி முழுக்கிலிருந்து மேலே வந்த நிமிடத்திலிருந்து எண்ணுங்கள். கரைக்கு வந்ததிலிருந்தல்ல, அறையைக் காலி செய்ததிலிருந்தும் அல்ல. சனிக்கிழமை இரண்டு, ஞாயிற்றுக்கிழமை இரண்டு என்று மூழ்கி, ஞாயிறு மதியம் 12.30-க்கு வெளியே வந்தவருக்கு 18 மணி நேரம் திங்கள் காலை 6.30-க்குத்தான் முடிகிறது. அன்றிரவே புதுச்சேரியிலிருந்து பெங்களூர் பஸ் ஏறினால், விடியும் முன்பே ஓசூர் வந்துவிடும். திங்கள் அலுவலகம் போக வேண்டியவர்கள் கடைசி முழுக்கைச் சனிக்கிழமை மாலையோடு முடித்துக்கொண்டு, டிக்கெட்டை அதற்கேற்ப எடுக்க வேண்டும்.